கிதார் கிட் விமர்சனம்: நெக் பாஸ், பிரிட்ஜில்தான் சோதனை

பிராண்டுப் பெயர் எதுவும் ஒட்டாமல் வரும் எஸ் வகை (ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவ) எலெக்ட்ரிக் கிதார் கிட்களை, அதாவது உதிரிகளாக வாங்கி நாமே பூட்டும் கிதார்களைப் பற்றியது இது. 25.5 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளத்துக்கான அடிப்படை அளவு), திருகில் மாட்டும் நெக் (கழுத்து), ஆறு சேடில் (கம்பிக்கு ஒன்றாக, முன்னும் பின்னும் நகரும் தாங்கி) கொண்ட பிரிட்ஜ். பெயின்டையும் வயரிங்கையும் விட்டுவிடுவோம். பூட்டி முடித்தபின் சுருதி சேருகிறதா என்பதுதான் இங்கே கேள்வி.

நெக்குக்குத் தாராளமாக மார்க் போடலாம். பிரெட் (நெக்கின் குறுக்கே பதிக்கும் உலோகப் பட்டை) பள்ளங்களை இயந்திரம் வெட்டுவதால் இடைவெளி பிசகுவது அபூர்வம். நட்டின் (நெக்கின் மேல் முனையில் கம்பிகள் படியும் பள்ளமுள்ள துண்டு) பிரெட்போர்டு பக்க விளிம்பிலிருந்து அளந்தால் முதல் பிரெட் 36.35 மி.மீ., 12ஆம் பிரெட் 323.85 மி.மீ. இரண்டும் ஸ்டீல் அளவுகோலில் ஒத்துவந்தால் நெக்கைச் சந்தேகப்பட வேண்டாம்.

தலைவலி பாடியில் தொடங்குகிறது. பிரிட்ஜ் துளைகளை முன்பே போட்டு அனுப்புவது வசதி மாதிரி தோன்றும். துளை போடாத கிட்டுக்கே என் ஓட்டு. நெக்கின் அடி முனை பாக்கெட்டில் (பாடியில் நெக் அமரும் குழி) முட்டாமல் 1 மி.மீ. இடைவெளி விழுந்தால் எல்லா பிரெட்டும் அதே 1 மி.மீ. பிரிட்ஜை விட்டு விலகிவிடும். அப்புறம் ஆறு சேடில்களையும் அந்த அளவு முன்னால், அதாவது நெக் பக்கம் கொண்டுவர வேண்டும். அதற்கு இடம் இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை.

ஆகவே பெயின்ட் அடிக்கும் முன்பே நெக்கைத் திருகி, பிரிட்ஜை வைத்துப் பாருங்கள். முதல் கம்பியின் சேடிலை, இன்னும் ஓரிரு மி.மீ. மட்டும் முன்னால் போகும்படி நிறுத்துங்கள். அந்த நிலையில் 12ஆம் பிரெட்டிலிருந்து அது 324 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். தடித்த ஆறாவது கம்பி பொதுவாக அதைவிட 3, 4 மி.மீ. பின்னால் போய் நிற்கும். அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதி ஏறுகிறது, தடிமனான கம்பியின் விறைப்பும் சேர்கிறது. இரண்டுக்கும் ஈடுதான் அந்தக் கூடுதல் நீளம். துளை தவறான இடத்தில் இருந்தால் கடின மரக் குச்சியைப் பசையோடு அடித்து அடைத்து, காய்ந்தபின் புதிதாகத் துளை போடுங்கள். பழைய துளையை அகட்டிச் சமாளித்தால் திருகு பிடிக்காது.

அடுத்து நட். கிட்டில் இதுதான் ஆக மட்டமான உதிரி. 12ஆம் பிரெட்டில் சரியாக இருந்து முதல் மூன்று பிரெட்டில் மட்டும் சுருதி ஏறினால் குற்றவாளி சேடில் அல்ல, நட் பள்ளத்தின் உயரம். கம்பியை 3ஆம் பிரெட்டில் அழுத்தினால் முதல் பிரெட்டுக்கு மேல் மயிரிழை இடைவெளிதான் தெரிய வேண்டும். கூடுதலாக இருந்தால், பள்ளம் ஹெட்ஸ்டாக் (நெக்கின் தலைப்பகுதி) பக்கம் சரியும்படி, கம்பியின் தடிமனுக்கேற்ற அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவுங்கள்.

இன்டோனேஷனை (நெக் முழுக்கச் சுருதி சேரும்படி சேடிலை நகர்த்துவதை) கடைசியில்தான் தொட வேண்டும். புதுக் கம்பி போட்டு, இழுத்து விட்டு, ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள் தண்டு), கம்பி உயரம் இரண்டையும் முடித்தபின் 12ஆம் பிரெட்டின் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஸ்வரம்) அங்கே அழுத்திய ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறினால் சேடில் பின்னால், இறங்கினால் முன்னால். இந்த ஸ்கேலில் 1 மி.மீ. நகர்த்தினால் ஏறக்குறைய 2.7 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மாறும். 8 சென்ட் ஏறியிருந்தால் 3 மி.மீ. பின்னால். நகர்த்தும் முன் கம்பியைத் தளர்த்துங்கள். கிட் திருகுகளின் மரை மென்மையானது. ஆறாவது சேடில் பின்னால் போகாமல் ஸ்பிரிங் தடுத்தால் ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டலாம்.

எல்லாம் முடிந்தும் தடித்த கம்பி மேல் பிரெட்களில் ஊசலாடி, ட்யூனர் முள் நிலைகொள்ளாமல் தவித்தால் பிக்கப்பை (கம்பிகளின் அடியில், அதிர்வை மின் சைகையாக்கும் காந்தப் பாகம்) பாருங்கள். காந்தம் கம்பிக்கு மிக அருகில் இருந்தால் அப்படித்தான் இழுக்கும். கடைசி பிரெட்டை அழுத்திய நிலையில் 3 மி.மீ. இடைவெளி வரும்வரை இறக்குங்கள்.

24.75 அங்குலம் என்று விற்கும் கிட்டை வாங்குவோர் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பித் துளை போட வேண்டாம். அந்தப் பெயரில் வரும் நெக்குகள் எல்லாம் ஒரே நீளமில்லை. நட்டிலிருந்து 12ஆம் பிரெட் வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். அந்த நெக்குக்கு அதுதான் ஸ்கேல்.