சாமுண்டிக்கு வந்த லட்சுமி முகம்: சப்தமாதர் கொலு செட் வாங்கிய அனுபவம்

நவராத்திரி முடிந்து பொம்மைகளைப் பழைய புடவைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றியாகிவிட்டது. இப்போதுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது. இந்த வருஷம் எங்கள் கொலுவுக்குப் புது வரவு சப்தமாதர் செட். காகிதக்கூழ் பொம்மை, ஒவ்வொன்றும் பத்து அங்குலம், ஏழு அம்மன்களும் ஓரத்தில் வைக்க ஒரு பிள்ளையாரும் சேர்த்து 4,200 ரூபாய், கூரியருக்குத் தனியாக 350. இன்ஸ்டாகிராமில் படம் போட்டு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிற கடை. பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே செட், இதே அச்சில், வேறு நாலு இடத்திலும் விற்கிறது என்று பிறகு தெரிந்தது, அதனால் ஒரு கடையை மட்டும் பிடித்து உலுக்குவதில் அர்த்தமில்லை.

ஏன் இந்த செட் என்றால், எங்கள் வீட்டில் எல்லார் வீட்டிலும் இருப்பதுதான் இருக்கிறது: தசாவதாரம், கல்யாண செட், செட்டியார் கடை, அஷ்டலட்சுமி. அஷ்டலட்சுமியில் இப்போது ஏழு பேர்தான், இரண்டு வருஷத்துக்கு முன் இறக்கும்போது தனலட்சுமி கை தவறி விழுந்து சுக்கு நூறாகிவிட்டாள். ஒற்றைப் பொம்மையாகக் கேட்டால் எந்தக் கடையிலும் தருவதில்லை, முழு செட்டாக வாங்கு என்கிறார்கள். அது போகட்டும். என் அம்மா ஊரில் ஏரிக்கரை வேப்பமரத்தடியில் ஏழு கல் நட்டு மஞ்சள் பூசி வைத்திருப்பார்கள், கன்னிமார் என்பார்கள், சின்ன வயதில் அந்தப் பக்கம் சத்தம் போட்டுப் பேசினால் திட்டு விழும். அதே ஏழு பேர்தான் சிவன் கோயில் தெற்குப் பிராகாரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற சப்தமாதர் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது (அங்கே தாய்மார், இங்கே கன்னிமார், இது எப்படி என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பூசாரி சிரிப்பார்). போன வருஷம் திருச்சியிலிருந்து மலையடிப்பட்டி போயிருந்தோம். பல்லவன் தந்திவர்மன் காலத்தில் குடைந்த சிவன் குகையில் பாறையிலேயே ஏழு பேரையும் செதுக்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்து வந்த நாளிலிருந்து இவர்களைக் கொலுவில் வைக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு நமைச்சல்.

பார்சல் நன்றாகவே வந்தது. வைக்கோல், அதன் மேல் பபிள் ஷீட், இரட்டை அட்டைப் பெட்டி, சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்பே. வாராகியின் உலக்கை நுனி மட்டும் லேசாகப் பெயர்ந்திருந்தது, ஃபெவிகாலில் ஒட்டிக்கொண்டேன். பேக்கிங்குக்கு முழு மார்க்.

பெயிண்டிங்கும் குறை சொல்லும்படி இல்லை. பிராம்மிக்கு மூன்று தலை தெரிகிறது, நான்காவது பின்னால் என்று வைத்துக்கொள்ளலாம், பீடத்தில் அன்னம். மகேஸ்வரிக்கு ரிஷபம், சூலம். கௌமாரிக்கு மயில், வேல். இந்திராணிக்கு யானை, கையில் வஜ்ராயுதம், புடவைக் கரையில் ஜரிகை போட்டது போல் தங்கக் கோடு ரொம்ப அழகு. வைஷ்ணவியின் கருடன் மட்டும் பச்சைக்கிளி மாதிரி இருக்கிறது, தூரத்திலிருந்து பார்த்தால் மீனாட்சி என்றே நினைப்பார்கள். ஆனாலும் சங்கு சக்கரம் இருக்கிறது, சமாளித்துக்கொள்ளலாம்.

வாராகிதான் இந்த செட்டின் ராணி. பன்றி முகத்தைக் கூச்சப்படாமல் முழுதாகச் செய்திருக்கிறார்கள், கோரைப்பல் இரண்டும் தெரிகிறது, ஒரு கையில் கலப்பை, ஒரு கையில் உலக்கை, கண்ணில் ஒரு மிடுக்கு. தஞ்சைப் பெரிய கோயில் வாராகி சன்னதியில் பஞ்சமிக்குக் கூட்டம் தாங்காத காலம் இது, வாராகியை நன்றாகச் செய்தால் விற்கும் என்று செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பத்து வருஷம் முன்பு கேட்டிருந்தால் வாராகியா, வீட்டிலா, வேண்டாம் என்றிருப்பார்கள். இப்போது ஸ்டிக்கர், டாலர், கார் டேஷ்போர்டு எல்லாவற்றிலும் இருக்கிறாள்.

அப்புறம்தான் ஏழாவது பெட்டியைப் பிரித்தேன்.

ரோஸ் கன்னம். வட்ட முகம். உதட்டில் சிரிப்பு. அரக்கு நிறப் புடவை, தலையில் கிரீடம், கழுத்தில் முத்துமாலை, தாமரையில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு முறை பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், 'சாமுண்டி' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது. நெற்றியில் மூன்றாவது கண் வரைந்திருக்கிறார்கள், கையில் ஒரு சூலம் செருகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது வலது உள்ளங்கைக்குக் கீழே ஒரு தடிப்பு தட்டுப்பட்டது. விரலால் தடவினால் மேடு பள்ளமாக, மடி வரைக்கும் ஒரு கோடு போல இறங்குகிறது. உப்புத்தாளால் தேய்த்து மேலே அரக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். என்னவென்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. காசு. கையிலிருந்து கொட்டுகிற பொற்காசு. தனலட்சுமி அச்சில் வார்த்து, காசைச் சுரண்டிவிட்டு, ஒரு கண்ணைச் சேர்த்துச் சாமுண்டி என்று அனுப்பியிருக்கிறார்கள்!

இதற்கு ஏன் இவ்வளவு ஆதங்கம் என்று கேட்பீர்கள். இந்த ஏழு பேர் கதையே சாமுண்டியில்தான் முடிகிறது. தேவி மாகாத்மியத்தில், ஏழாம் அத்தியாயத்தில் சண்டன் முண்டன் தலைகளைக் கொண்டுவந்து தேவி முன் வைத்த காளிக்குத்தான் சாமுண்டா என்று பெயர் கிடைக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் ரக்தபீஜன் வருகிறான், அவன் ரத்தம் ஒரு சொட்டு தரையில் விழுந்தால் அங்கே இன்னொரு ரக்தபீஜன் எழுந்து நிற்பான். மாதர்கள் எல்லாரும் அடிக்கிறார்கள், வேலால், சக்கரத்தால், வஜ்ரத்தால், அடிக்க அடிக்க அவன் பெருகிக்கொண்டே போகிறான், அதாவது இந்த அழகான ஆயுதங்கள் ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் தேவி சாமுண்டியைப் பார்த்து வாயை அகலத் திற, சொட்டு கீழே விழாமல் குடி என்கிறாள். குடித்தாள், அவன் வற்றினான், செத்தான். என் அக்கா பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லத்தான் செட்டே வாங்கினேன். இந்த ரோஸ் கன்னத்துக்காரி அந்த வேலையைச் செய்தாள் என்று சொன்னால் எந்தப் பிள்ளை நம்பும்?

எல்லாச் சிலையிலும் சாமுண்டி எலும்பும் தோலுமாகத்தான் இருப்பாள் என்று சொல்லவில்லை. நம் பக்கத்துச் சோழர் காலச் சிலைகள் பலவற்றில் உடம்பு நிறைவாகவே இருக்கும். ஆனால் முடி தீச்சுடர் போல் எழுந்து நிற்கும், கோரைப்பல் இருக்கும், மண்டையோடு இருக்கும், பார்த்தவுடன் இவள் வேறு ரகம் என்று தெரிந்துவிடும். ஒட்டிய வயிறும் விலா எலும்புமாகப் பார்க்க வேண்டுமென்றால் தஞ்சாவூரிலேயே வடபத்ரகாளி இருக்கிறாள். விஜயாலய சோழன் தஞ்சையைப் பிடித்ததும் நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறதே, அவள் இவள்தான் என்கிறார்கள். ஒரு ராஜ்ஜியத்தை ஆரம்பிக்கிறவன் இப்படியொரு உருவத்தின் காலில் விழுந்து ஆரம்பித்திருக்கிறான். காரைக்கால் அம்மையார் இருக்கிற அழகை உதறிவிட்டுப் பேயுருவைக் கேட்டு வாங்கியவர். நமக்குத்தான் இப்போது எல்லாரும் ஒரே நகைக்கடை விளம்பர முகத்தோடு வேண்டியிருக்கிறது. தவ்வை என்கிற மூத்த தேவியும் ஒரு காலத்தில் காக்கைக் கொடியோடு, பெருத்த வயிற்றோடு சிவன் கோயில் பரிவார தெய்வமாக உட்கார்ந்திருந்தவள்தான், இன்று பல ஊரில் மதில் ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடக்கிறாள்.

சரி, கடைக்கு வருகிறேன். போட்டோ எடுத்து அனுப்பினேன், உடனே போன் வந்தது, அந்த வேகத்தைப் பாராட்ட வேண்டும். பேசிய பெண்ணும் மறைக்கவில்லை. "அக்கா, கோரமா செஞ்சா யாரும் கொலுவுல வைக்க மாட்டேங்கிறாங்க. முன்னாடி நாக்கு வெளிய தெரியற மாதிரி ஒண்ணு வந்துச்சு, அதை மட்டும் திருப்பி அனுப்பிட்டாங்க. அதான் பட்டறையில சாந்தமா மாத்திட்டாங்க" என்றாள். வேண்டுமானால் அனுப்பிவிடுங்கள், 500 ரூபாய் கழித்துத் தருகிறோம், ஆனால் கூரியர் உங்கள் செலவு என்றாள். படத்தில் ஏழு பேரையும் தூரத்தில் நிற்க வைத்து எடுத்திருந்தார்கள், சாமுண்டியை மட்டும் கிட்டத்தில் காட்டவில்லை என்றேன். அதற்கு "ம்" என்றாள். அவளைத் திட்ட மனசு வரவில்லை, அவள் சொன்னதில் பாதி நம் மேல்தான் இருக்கிறது.

நல்ல வேளையாக அந்த வாரம் மதுரையில் ஒரு கல்யாணம். முடித்துக்கொண்டு அப்படியே விளாச்சேரி போனேன். போகாதவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள், தெரு முழுக்க வீட்டு வாசலில் பொம்மை காய்கிறது, எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் பாதி வர்ணம் அடித்த பிள்ளையார்கள். நாலைந்து வீட்டில் கேட்டு, கடைசியில் ஒரு பெரியவர் ஒத்துக்கொண்டார். அச்சு இல்லை, கையில்தான் பிடிக்க வேண்டும் என்றார். "வயிறு உள்ள போகணுமாம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி. ஆமாங்கய்யா என்றதும் ஈரக் களிமண் உருவத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கட்டை விரலை வயிற்றில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். விரலை எடுத்தபோது அந்தப் பள்ளம் அப்படியே நின்றது, மேலே விலா எலும்புக்கு ஈர்க்குச்சியால் மூன்று மூன்று கீறல். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சூளையில் வைத்து வர்ணமும் அடித்து, மதுரைச் சித்தப்பா மூலம் எனக்கு வந்து சேர்ந்தபோது கொலு வைக்க இரண்டு நாள்தான் பாக்கி. 700 ரூபாய். மற்ற ஆறு பேரைவிட இரண்டு அங்குலம் குட்டை, கனமோ இரண்டு மடங்கு, ஆனால் வரிசையில் வைத்ததும் வந்தவர்கள் எல்லாரும் முதலில் அவளிடம்தான் நின்றார்கள். பக்கத்து வீட்டு மாமி மட்டும் சுண்டலை வாங்கிக்கொண்டு, "இதைக் கொஞ்சம் பின்னாடி தள்ளி வையேன்" என்றார். தள்ளவில்லை.

மார்க் கேட்டால், செட்டுக்கு ஐந்துக்கு மூன்று. வாராகிக்காகவும் பேக்கிங்குக்காகவும் மூன்று, சாமுண்டிக்காக ஒன்று, கிளி மூக்குக் கருடனுக்காக ஒன்று குறைத்திருக்கிறேன். வாங்குவதானால் ஏழு பொம்மையையும் தனித்தனியாகக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், முக்கியமாகக் கையையும் வயிற்றையும். வரிசையின் இன்னொரு ஓரத்துக்கு வீரபத்திரர் வேண்டுமென்றால் தனியாகத்தான் வாங்க வேண்டும், செட்டில் வராது.

அந்த ரோஸ் கன்னத்துக்காரியைத் திருப்பி அனுப்பவில்லை. சூலத்தைப் பிடுங்கி, மூன்றாவது கண்ணின் மேல் குங்குமம் வைத்து, அஷ்டலட்சுமி வரிசையில் தனலட்சுமி இடத்தில் உட்கார வைத்துவிட்டேன். ஒன்பது நாளும் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.