எக்ஸ்ப்ளோரரா, ஸ்பீட்மாஸ்டரா? அறிவு போட்ட கணக்கும் மனசு கேட்ட வாட்ச்சும்

அம்மா நாடி பார்க்கும்போது உதடு அசையாது. ஒரு கை நோயாளியின் மணிக்கட்டில் இருக்கும். மற்றக் கையைத் திருப்பி, உள்பக்கமாகக் கட்டியிருக்கும் எச்.எம்.டி. ஜனதாவின் நொடி முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பாள். பதினைந்து நொடி எண்ணி, நான்கால் பெருக்கி, நோட்டில் எழுதுவாள். அரசு மருத்துவமனையில் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். அன்றைக்குக் கிடைத்த பெண்கள் கடிகாரங்கள் பலவற்றில் நொடி முள்ளே கிடையாது. அதனால்தான் ஆண்கள் வாட்ச்சைக் கட்டினாள். தினமும் காலையில் காபி ஆறுவதற்குள் அதற்குச் சாவி கொடுத்துவிடுவாள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. கீழே வரும் கணக்கெல்லாம் சரியான கணக்குதான், ஆனால் அதைப் போட்டவள் இந்த வீட்டில் வளர்ந்தவள்.

வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல வாட்ச் வாங்குவது என்று பல வருடம் பணம் சேர்த்தேன். தேடித் தேடிக் கடைசியில் இரண்டில் வந்து நின்றது. ஒன்று ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர், 36 மி.மீ. அளவு. மற்றொன்று ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனல், ஹெசலைட் கண்ணாடி போட்டது. இரண்டும் ஸ்டீல், இரண்டும் கறுப்பு டயல், இரண்டிலும் தேதி கிடையாது, இரண்டுக்கும் ஐந்து வருட வாரண்டி. விலையும் பல லட்சத்தில் ஒன்றுக்கொன்று அருகில்தான் நிற்கிறது. ஆகவே ‘விலை கட்டுப்படியாகாது’ என்று ஒன்றைத் தள்ளிவிட வழியில்லை. வேறு காரணம் கண்டுபிடித்தாக வேண்டும்.

அறிவுக்குக் காரணம் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. எக்ஸ்ப்ளோரர் ஆட்டோமேட்டிக். கை அசைய அசைய அதுவே சுருள் ஏறிக்கொள்ளும். முழுதாக ஏறிவிட்டால் 70 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கழற்றி வைத்தால் திங்கட்கிழமை காலை அலுவலகம் கிளம்பும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பீட்மாஸ்டருக்கு 50 மணி நேரம்தான், அதுவும் நாமே சாவி கொடுக்க வேண்டும். அதே வெள்ளிக்கிழமை மாலை வைத்தால் ஞாயிறு இரவு எட்டு மணிவாக்கில் நின்றுவிடும்.

அடுத்தது தண்ணீர். சென்னையில் இருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. மே மாதத்து வியர்வை, நவம்பர் மழை, குழாயடி, கடற்கரை என்று எல்லாம் இருக்கிறது. எக்ஸ்ப்ளோரரில் சாவி கொடுக்கும் பக்கத்துத் திருகு உள்ளே மரை போட்டு இறுகும். 100 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும், நீச்சல் குளத்துக்கே கட்டிக்கொண்டு போகலாம். ஸ்பீட்மாஸ்டருக்கு 50 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. மழையில் நனையலாம், கை கழுவலாம். நான் அதோடு நீந்த மாட்டேன். தண்ணீரில் இருக்கும்போது பக்கத்துப் பொத்தான்களை அழுத்தவே கூடாது. எதை வாங்கினாலும் நம் ஊருக்குத் தோல் பட்டை வேண்டாம், பிரேஸ்லெட்டோடு வாங்குங்கள். வியர்வையில் தோல் ஒரே கோடையில் நாற ஆரம்பித்துவிடும்.

கண்ணாடியிலும் எக்ஸ்ப்ளோரர்தான் முன்னே நிற்கிறது. அதில் இருப்பது சஃபையர், எளிதில் கீறல் விழாது. ஹெசலைட் என்பது ஒருவகை பிளாஸ்டிக். பேருந்துக் கம்பியில் ஒரு முறை உரசினால் கோடு விழும். பாலிஷ் பசையை வைத்து ஐந்து நிமிடம் தேய்த்தால் கோடு மறையும் என்பது உண்மைதான், ஆனால் தேய்க்க வேண்டியது நாம்.

துல்லியத்தில் வித்தியாசம் மிகக் குறைவு. எக்ஸ்ப்ளோரர் நாளொன்றுக்கு இரண்டு நொடி முன்னே பின்னே போகலாம் என்கிறது ரோலெக்ஸ். இன்றைய ஸ்பீட்மாஸ்டர், சுவிட்சர்லாந்தின் அளவியல் நிறுவனமான மெட்டாஸின் சோதனையில் தேறி வருகிறது. பூஜ்யத்திலிருந்து ஐந்து நொடி வரை முன்னே போகலாம், பின்தங்கக் கூடாது. செல்போனில் மணி பார்த்துக்கொள்ளும் காலத்தில் இந்த மூன்று நொடிக்காக யாரும் வாட்ச் வாங்கப் போவதில்லை.

காந்தம் விஷயத்தில் மட்டும் அறிவே ஒமேகா பக்கம் சாய்கிறது. கைப்பையின் காந்தப் பூட்டு, ஸ்பீக்கர், டேப்லெட்டின் உறை என்று வீடெல்லாம் காந்தம். வாட்ச்சின் ஓட்டத்தைச் சீராக வைக்கும் மயிரிழைச் சுருள் காந்தமேறினால் நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடத் தொடங்கும். ஸ்பீட்மாஸ்டருக்குள் இருக்கும் 3861 என்ற இயந்திரம் 15,000 காஸ் (காந்தப்புலத்தின் அளவு) வரை தாங்கும் என்று சோதித்துச் சான்று கொடுத்திருக்கிறார்கள். ரோலெக்ஸின் சுருளும் காந்தத்துக்கு எளிதில் மசியாத உலோகக் கலவையால் ஆனதுதான். ஆனால் இவ்வளவு பெரிய எண்ணைச் சொல்லி அவர்கள் சான்று தருவதில்லை.

பிறகு பணம். கடையை விட்டு வெளியே வந்த மறுநாளே விற்றால் ஸ்பீட்மாஸ்டரில் கணிசமாக நஷ்டம் வரும். எக்ஸ்ப்ளோரர் பெரும்பாலும் போட்ட பணத்தைக் காப்பாற்றும். சர்வீஸும் அப்படித்தான். ஸ்பீட்மாஸ்டர் ஒரு க்ரோனோகிராஃப், அதாவது பொத்தானை அழுத்தி நேரத்தை அளக்கும் வசதி உள்ள வாட்ச். அதில் உறுப்புகள் அதிகம், பிரித்துச் சேர்க்கக் கூலியும் அதிகம். ரோலெக்ஸ் சுமார் பத்து வருடத்துக்கு ஒரு முறை போதும் என்கிறது. ஒமேகா ஐந்திலிருந்து எட்டு வருடத்துக்குள் கொண்டுவரச் சொல்கிறது.

என் மணிக்கட்டு 15.5 செ.மீ. சுற்றளவு. 36 மி.மீ. எக்ஸ்ப்ளோரர் அதில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால் எனக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. சட்டைக் கைக்குள் சத்தமில்லாமல் நுழைந்தது. 2010-ல் எக்ஸ்ப்ளோரரை 39 மி.மீ.க்குப் பெரிதாக்கிய ரோலெக்ஸ், 2021-ல் மறுபடி பழைய 36-க்கே திரும்பியது. என்னைப் போன்ற சின்ன மணிக்கட்டுக்காரர்களுக்கு அது பெரிய உபகாரம். ஸ்பீட்மாஸ்டர் 42 மி.மீ., தடிமனும் 13 மி.மீ.க்கு மேல். ஆனால் பட்டையை மாட்டும் அதன் கால்கள் கீழ்நோக்கி வளைந்து இறங்குவதால் எண்ணைப் பார்த்துப் பயந்த அளவுக்கு அது துருத்தவில்லை. கட்டிப் பார்க்காமல் அளவை வைத்தே ஒதுக்கிவிடாதீர்கள்.

இதுவரை கூட்டிப் பார்த்தால் எக்ஸ்ப்ளோரருக்கே ஜெயம், அதுவும் பெரிய வித்தியாசத்தில். கடையில் பெயர் எழுதிவைத்துவிட்டு வந்தேன். ரோலெக்ஸ் என்றால் அப்படித்தான், போன அன்றே கையில் கிடைக்காது. காத்திருந்த அந்த மாதங்களில் இரண்டின் கதையையும் படிக்க ஆரம்பித்தேன். கணக்கு கலைந்தது அங்கேதான்.

எக்ஸ்ப்ளோரரின் பெருமை எவரெஸ்ட். 1953 மே 29 அன்று டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் உச்சியில் கால் வைத்தார்கள். அதே ஆண்டில் எக்ஸ்ப்ளோரர் என்ற பெயரை ரோலெக்ஸ் கொண்டுவந்தது. அந்தக் குழுவுக்கு ரோலெக்ஸ் வாட்ச்கள் கொடுக்கப்பட்டிருந்தது உண்மை. பிரிட்டனின் ஸ்மித்ஸ் நிறுவனமும் கொடுத்திருந்தது. ஹிலாரி உச்சிக்குக் கொண்டுபோனது எங்கள் வாட்ச்தான் என்று ஸ்மித்ஸ் அப்போதே விளம்பரம் செய்தது. இதனால் எக்ஸ்ப்ளோரரின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை. 3, 6, 9 என்ற அந்த மூன்று எண்கள் இருட்டிலும் பளிச்சென்று தெரிகிற டயல் எழுபது வருடமாகப் பெரிதாக மாறாமல் நிற்பதே அதன் தரத்துக்குச் சாட்சி. ஆனாலும் மலையேறியவர்களின் அனுபவத்திலிருந்து பிறந்த வாட்ச் அது. இன்று கடையில் விற்கும் அதே பெயர்கொண்ட பொருள் உச்சியில் நின்றது என்று சொல்ல முடியாது.

ஸ்பீட்மாஸ்டரின் கதை வேறு மாதிரி. 1957-ல் அது வந்தபோது யாரும் விண்வெளியை நினைக்கவில்லை. கார் பந்தயத்துக்காகச் செய்தது. வேகத்தைக் கணக்கிடும் அளவுகோலை டயலிலிருந்து எடுத்து வெளி வளையத்தில் பொறித்திருந்தார்கள், அவ்வளவுதான். 1962 அக்டோபரில் அமெரிக்க விண்வெளி வீரர் வால்டர் ஷிரா தன் சொந்த ஸ்பீட்மாஸ்டரைக் கட்டிக்கொண்டு பூமியைச் சுற்றி வந்தார். பிறகு 1964-ல் நாசா பல நிறுவனங்களிடமிருந்து க்ரோனோகிராஃப்களை வாங்கி, பதினொரு வகையான சோதனைகளில் போட்டுப் படுத்தியது. 93 டிகிரி செல்சியஸ் வரை சூடு, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி குளிர், ஈரப்பதம், வெற்றிடம், அதிர்ச்சி, அதிர்வு, பேரிரைச்சல். அந்தப் போட்டியில் ரோலெக்ஸும் இருந்தது. எக்ஸ்ப்ளோரர் அல்ல, அவர்களுடைய க்ரோனோகிராஃப். ஈரப்பதச் சோதனையில் அது நின்றுபோனது, சூட்டில் முள் வளைந்தது. ஒமேகா தாக்குப்பிடித்தது. 1965 மார்ச் 1 அன்று மனிதர் செல்லும் விண்வெளிப் பயணங்களுக்கு ஏற்றது என்று நாசா அதை அங்கீகரித்தது.

1969 ஜூலையில் நிலவில் இறங்கியபோது ஆர்ம்ஸ்ட்ராங் தன் வாட்ச்சைக் கலத்துக்குள்ளேயே விட்டுவிட்டு இறங்கினார். கலத்தின் கடிகாரம் பழுதாகியிருந்ததால் அதற்கு மாற்றாக அது தேவைப்பட்டது. ஆல்ட்ரின் கட்டியிருந்ததுதான் நிலவின் தரையைப் பார்த்தது.

என்னைப் பிடித்து நிறுத்தியது அதைவிட அடுத்த ஆண்டில் நடந்தது. 1970 ஏப்ரல், மூன்று பேரோடு நிலவுக்குக் கிளம்பிய அப்போலோ 13. ஆக்சிஜன் தொட்டி வெடித்து, மின்சாரத்தைச் சேமிக்கக் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். பாதை கொஞ்சம் விலகியிருக்கிறது. திருத்த, எஞ்சினைச் சரியாக 14 நொடி எரிக்க வேண்டும். ஜிம் லவலும் ஃபிரெட் ஹெய்ஸும் கலத்தைப் பிடித்துக்கொள்ள, ஜாக் ஸ்விகர்ட் தன் மணிக்கட்டைப் பார்த்து நொடிகளை எண்ணினார். மூவரும் வீடு சேர்ந்தார்கள். அந்த ஆண்டே விண்வெளி வீரர்கள் தரும் வெள்ளி ஸ்னூப்பி விருது ஒமேகாவுக்குக் கிடைத்தது.

பதினான்கு நொடி. அம்மாவின் கணக்கில் ஒரு நொடி குறைவு. உயிர் கையில் இருக்கும்போது மணிக்கட்டைப் பார்த்து மௌனமாக எண்ணுகிற அந்த முகத்தை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

பெயர் எழுதிவைத்த ஏழாவது மாதம் எக்ஸ்ப்ளோரர் வந்துவிட்டதாகக் கடையிலிருந்து அழைத்தார்கள். போனேன். மறுபடி கட்டிப் பார்த்தேன். எந்தக் குறையும் சொல்ல முடியாத வாட்ச். ஆனால் என் அறிவு போட்ட கணக்கை இரண்டாம் முறை படித்தபோது அதில் பாதி என்னுடைய வாழ்க்கையே இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது. விற்கும் எண்ணமும் இல்லை, பிறகு மறுவிற்பனை விலை எதற்கு? தினமும் சாவி கொடுக்க வேண்டியதைக் குறை என்று எழுதியிருந்தேன். அதற்காகத்தானே எனக்கு அந்த வாட்ச் வேண்டியிருந்தது! அம்மாவின் காலையில் காபிக்கும் கிளம்புவதற்கும் நடுவில் இருந்த அரை நிமிடம் அது. ஸ்பீட்மாஸ்டரைத்தான் வாங்கினேன்.

ஒரு விஷயம் தெரிந்தே வாங்குங்கள். நிலவுக்குப் போனவற்றுக்குள் இருந்தது 321 என்ற இயந்திரம். இன்று கடையில் கிடைக்கும் வழக்கமான ஸ்பீட்மாஸ்டரில் 2021 முதல் வருவது 3861. ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் கண்டுபிடித்த, உறுப்புகளின் உராய்வைக் குறைக்கும் கோ-ஆக்சியல் முறை அதில் இருக்கிறது. முகம் பழையது, உள்ளம் புதியது. எனக்கு அதில் வருத்தமில்லை. சஃபையர் கண்ணாடி போட்டதும் கிடைக்கிறது. பின்பக்கம் இயந்திரம் ஓடுவது தெரியும், விலை கூடுதல். நான் ஹெசலைட்டையே எடுத்தேன். எடையற்ற கலத்துக்குள் கண்ணாடி நொறுங்கிச் சில்லுகள் மிதக்கக் கூடாது, அதற்கு ஹெசலைட்தான் தோது.

பதினான்கு மாதம் ஆகிறது. கண்ணாடியில் இரண்டு கீறல், ஒன்றைத் தேய்த்து எடுத்தாயிற்று. மூன்று முறை சாவி கொடுக்க மறந்து நின்றுபோயிருக்கிறது. மழையைத் தாங்கும் என்று தெரிந்தும் மனசு கேட்காமல் மழை நாளில் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுகிறேன், அது எரிச்சல்தான். தம்பி என்னிடம் யோசனை கேட்டான். வேலை நிமித்தம் ஊர் ஊராக அலைபவன், குளம் கண்டால் குதிப்பவன், கையில் கட்டியதைக் கழற்றாதவன். எக்ஸ்ப்ளோரருக்குப் பெயர் எழுதிவைடா என்று தயங்காமல் சொன்னேன்.

வாங்கிய அன்று அம்மாவிடம் நீட்டினேன். விலை கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டயலைப் பார்த்தாள்.

“நொடி முள்ளு ஓடலையேடி. நின்னுபோச்சா?”

ஸ்பீட்மாஸ்டரில் நடுவில் இருக்கும் பெரிய நொடி முள் சும்மா ஓடாது. ஓடும் நொடி இடது பக்கத்துச் சின்ன வட்டத்தில் இருக்கும். பெரிய முள் நாம் கேட்டால்தான் கிளம்பும். “மேல இருக்கிற பொத்தானை அழுத்தும்மா” என்றேன். அழுத்தினாள். முள் கிளம்பியது. அதை நிறுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரக் கற்றுக்கொண்டாள், இரண்டு முறை செய்து பார்த்தாள். பிறகு என் கையை இழுத்து, கட்டை விரலுக்குக் கீழே மூன்று விரலை வைத்து, பொத்தானை அழுத்தினாள். உதடு அசையவில்லை.

“எழுபத்தாறு” என்றாள்.