300 பவுண்டுக்குள் மெட்டல் டிடெக்டர்: வான்குவிஷ் 440-ஆ, சிம்ப்ளெக்ஸா?

மெட்டல் டிடெக்டர் வாங்கப்போகிறவர்கள் முதலில் கேட்பது, ‘எவ்வளவு ஆழம் போகும்?’ என்பதைத்தான். இங்கிலாந்தில் அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: ‘எங்கே தோண்ட எனக்கு அனுமதி கிடைக்கும்?’ இங்கே எந்த வயலிலும் உரிமையாளர் சம்மதிக்காமல் கருவியோடு இறங்கக் கூடாது. ஊரில் யாரையும் தெரியாத ஒருவர் விவசாயியின் கதவைத் தட்டிச் சம்மதம் வாங்குவது லேசில் நடக்கிற காரியமல்ல. எனக்குச் சிக்கலில்லாமல் கிடைத்தது கடற்கரை. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக் கரைகளில் அலை ஏறி இறங்கும் நிலத்தில் ஏறத்தாழப் பாதி, அரசுடைமை நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே பொழுதுபோக்காகத் தேட ஆளாளுக்குத் தனி அனுமதி கேட்கத் தேவையில்லை. மற்ற கரைகளுக்கு உள்ளூர் மன்றத்தின் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தேம்ஸ் கரை தனிக்கதை; லண்டன் துறைமுக ஆணையத்தின் பெர்மிட் இல்லாமல் அங்கே குனியவே கூடாது.

கடற்கரைதான் களம் என்று முடிவானதும் பட்டியல் தானாகவே சுருங்கிவிட்டது. என்னிடம் இருந்தது 300 பவுண்டு. கருவி மட்டுமல்ல, தோண்டும் சாமான்களும் அதற்குள் அடங்க வேண்டும்.

பெயர் தெரியாத நிறுவனங்களின் மலிவுக் கருவிகளை நான் பார்க்கவே இல்லை. இந்த இடத்தில் யாராவது ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையலை இழுப்பார்கள். 2009-இல் டெரி ஹெர்பர்ட் என்பவர் லிச்ஃபீல்டு அருகே ஒரு வயலில் சுமார் 4 கிலோ ஆங்கிலோ-சாக்ஸன் தங்கத்தைக் கண்டெடுத்தார். அவர் கையிலிருந்த 14 வயதுக் கருவி பழைய சாமான் சந்தையில் இரண்டரை பவுண்டுக்கு வாங்கியது என்று அப்போது எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. புதையலுக்கு 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு மதிப்புப் போட்டார்கள். உண்மைதான். ஆனால் அவ்வளவு தங்கம் மேலாகக் கிடக்கும் வயல் நமக்கு வாய்க்க வேண்டுமே! ஒற்றை மோதிரத்தைத் தேடுகிறவருக்கு அந்தக் கதையால் பயனில்லை.

கேரட் (Garrett) நிறுவனத்தின் ஏஸ் 300i: எளிது, உறுதி, பழைய சந்தையில் நல்ல விலை போகும். காய்ந்த புல்வெளிக்குப் போதும். 8 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண் என்பதால் (அது ஏன் சிக்கல் என்று கீழே சொல்கிறேன்) கடற்கரைக்காரர் அதைத் தாண்டிப் போகலாம். எக்ஸ்பி நிறுவனத்தின் பழைய டியூஸ் கருவியை ஆணி மண்டிய வயல்களில் வேலை செய்கிறவர்கள் இன்றும் புகழ்கிறார்கள். நல்ல நிலையில் இருப்பது என் தொகைக்கு எட்டவில்லை. எட்டுகிற விலையில் வந்ததன் பேட்டரிகளை நம்ப எனக்குத் துணிவில்லை.

மிஞ்சியவை இரண்டு. ஆஸ்திரேலிய மைன்லேபின் வான்குவிஷ் 440. துருக்கிய நோக்டாவின் சிம்ப்ளெக்ஸ். நான் வாங்கியது வான்குவிஷ், அதுவும் ஒரு கை மாறியது. சிம்ப்ளெக்ஸை நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார். கென்ட் கரையோரம் இருவரும் அடிக்கடி மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்திருக்கிறோம்.

காகிதத்தில் வைத்துப் பார்த்தால் சிம்ப்ளெக்ஸ்தான் ஜெயிக்க வேண்டும். 2019-இல் வந்த சிம்ப்ளெக்ஸ் பிளஸ் கருவியை 3 மீட்டர் ஆழம் வரை நீரில் முக்கலாம். திரையில் விளக்கு, கைப்பிடியில் அதிர்வு, மண்ணுக்கேற்பச் சரிசெய்யும் பொத்தான், உள்ளேயே சார்ஜ் ஏறும் பேட்டரி. அதே ஆண்டு வெளிவந்த வான்குவிஷ் வரிசையில் கீழேயுள்ள தட்டு மட்டும்தான் நீர் தாங்கும். மேலே இருக்கும் திரைப்பெட்டி மழைக்கே ஆகாது. 440-இன் திரைக்கு விளக்கும் இல்லை. அந்தி சாய்ந்தால் தலையில் ஒரு விளக்கைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு ஏன் வான்குவிஷ்? எல்லாம் ஈர மணலால்.

கருவியின் தட்டுக்குள், அதாவது காயிலுக்குள், இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்று மண்ணுக்குள் மின்காந்த அலையை அனுப்புகிறது. மற்றது திரும்பி வருவதை வாங்குகிறது. புதைந்திருக்கும் உலோகத்தைப் பொறுத்து, திரும்பும் அலை முன்பின்னாக விலகுகிறது. அந்த விலகலைத்தான் கருவி எண்ணாகவும் ஒலியாகவும் மாற்றித் தருகிறது. உப்புநீர் ஊறிய மணலும் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்தான். அது தரும் பதில், மெல்லிய அலுமினியத் தாளும் சிறிய தங்க மோதிரமும் தரும் பதிலுக்குப் பக்கத்திலேயே விழுகிறது. மணலில் கலந்திருக்கும் இரும்புத்தாதுவின் பதிலோ வேறோர் இடத்தில் விழுகிறது. ஒற்றை அதிர்வெண்ணில் ஓடும் கருவியை இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் பழக்க முடியும். தாதுவுக்குச் சரிசெய்தால் உப்பு கத்துகிறது. உப்பை அடக்கினால் தாது தலைதூக்குகிறது. ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் வேலை செய்யும் கருவி, ஒரே பொருளை இரண்டு தராசில் நிறுத்துப் பார்ப்பதுபோல, பதில்களை ஒப்பிட்டு இரண்டையும் கழித்துவிடுகிறது. வான்குவிஷில் இருக்கும் மல்டி-ஐக்யூ செய்வது அதைத்தான். சிம்ப்ளெக்ஸ் ஓடுவது 12 கிலோஹெர்ட்ஸில் மட்டும்.

கரையில் இது எப்படித் தெரியும் என்றால், காய்ந்த மணலில் சிம்ப்ளெக்ஸ் சமர்த்தாக இருக்கும். அலை நனைத்துவிட்டுப் போன கோட்டைத் தாண்டியதும் முணுமுணுக்கத் தொடங்கும். கருவியை வீசும்போது ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் கை தன்னையறியாமல் கொஞ்சம் மேலே எழும். காயிலுக்கும் ஈர மணலுக்கும் இடையே கூடும் அந்த அரை அங்குலமே போதும், ‘கீச்’ என்று ஒரு பொய்க் குரல் வரும். அதை அடக்க வழி இருக்கிறது. கடற்கரை முறைக்கு மாற்றி, பொத்தானை அழுத்தியபடி காயிலை ஏற்றி இறக்கி மணலுக்குப் பழக்கி, நுண்ணுணர்வையும் (சென்சிடிவிட்டி) பாதிக்குமேல் குறைத்தால் அமைதியாகிவிடும். ஆனால் அமைதியோடு ஆழமும் போய்விடுகிறது. உப்பின் எண்களை ஒதுக்கச் சொன்னால் கருவி அவற்றோடு மெல்லிய தங்கத்தையும் சேர்த்து ஒதுக்கிவிடும். கடற்கரைக்கு வருவதே தொலைந்த மோதிரங்களுக்காக என்னும்போது இது சின்னக் குறையல்ல.

வேடிக்கை என்னவென்றால், தண்ணீரில் இறங்கக்கூடிய கருவிக்கு உப்பு மணல் ஒத்துவரவில்லை; உப்பு மணலைத் தாங்குகிற கருவி தண்ணீரில் இறங்கக் கூடாது. நான் நிற்பது ஈர மணலில்தான், இடுப்பளவு நீரில் அல்ல. எனவே என் தேர்வு கடினமாக இல்லை. வான்குவிஷும் ஊமையாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அலை காயிலின் மேலே புரளும்போது அதுவும் பிதற்றும். நுண்ணுணர்வை ஓரிரு படி இறக்க வேண்டியிருக்கும். மற்ற நேரங்களில் அது ஒலித்தால் அங்கே ஏதோ உலோகம் இருக்கிறது என்று நம்பிக் குனியலாம். அந்த உலோகம் பெரும்பாலும் பான டின்னின் இழுப்பு வளையமாகவோ தூண்டில் ஈயமாகவோ இருப்பது வேறு விஷயம். வளையமும் மோதிரமும் திரையில் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும். எந்தக் கருவியாலும் தோண்டாமல் பிரித்துச் சொல்ல முடியாது.

அதே வரிசையின் 340 இன்னும் மலிவு. காயிலும் மூளையும் கிட்டத்தட்ட அதே; இடத்தைத் துல்லியமாகக் காட்டும் பின்பாயிண்ட் பொத்தான் அதில் இல்லை. ஈர மணலில் குழி தோண்டத் தோண்டச் சரிந்து மூடிக்கொள்ளும் என்பதால், அந்தப் பொத்தானுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம்.

பேட்டரியில் எனக்கு வான்குவிஷே பிடித்திருக்கிறது. சாதாரண ஏஏ பேட்டரி நான்கு போதும். சார்ஜ் செய்துகொள்ளும் வகையையும் போடலாம். தீர்ந்துபோனால் கரையோரக் கடையிலேயே கிடைக்கும். சிம்ப்ளெக்ஸின் பேட்டரி, தண்ணீர் புகாதபடி மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. வயதானால் அதைச் சேவை மையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். பழையதாக வாங்குகிறவர் இதை யோசித்தே விலை பேச வேண்டும். மறுவிற்பனையில் இரண்டுக்கும் குறையில்லை. வசந்தத்தில் ஆசையாக வாங்கி இலையுதிர் காலத்தில் விற்றுவிடுகிறவர்கள் ஏராளம், எனவே வாங்கவும் எளிது, விற்கவும் எளிது. என்னுடையது 200 பவுண்டுக்குச் சற்றுக் கீழே கிடைத்தது.

பழைய கருவி பார்க்கப் போகும்போது காயிலின் அடி மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே கறுப்பு மணல் பாய் விரித்தாற்போல் படிந்திருந்தால், அது கடலில் உழைத்தது, யாரும் கழுவவில்லை என்று பொருள். அந்தக் கறுப்பு மணலில் இரும்புத்தாது இருக்கிறது. கருவி தன் மூடியையே புதையலாக எண்ணிக் கத்தும். அடுத்து தண்டின் பூட்டுகளைத் திருகிப் பார்க்க வேண்டும். நறநறவென்றால் உப்பும் மணலும் உள்ளே போய்விட்டன. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் காயிலையும் தண்டின் கீழ்ப்பகுதியையும் நல்ல தண்ணீரில் அலசுவதைத் தவிர இதற்கு வேறு பராமரிப்பு கிடையாது.

மீதிப் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது மணலை அள்ளிச் சலிக்கும், உலோகத்தாலான ஸ்கூப். பிளாஸ்டிக் ஈர மணலில் உடையும். அடுத்தது குழிக்குள் உலோகம் எங்கே என்று காட்டும் கைக்கடக்கமான பின்பாயிண்டர். கேரட்டின் ஆரஞ்சு நிறக் கருவி நல்லது, ஆனால் போலிகள் அதிகம்; விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாமல் இருப்பதே மேல். ஹெட்போனுக்கு வீட்டிலிருக்கும் கம்பி வைத்தது போதும்.

சட்டம் பற்றி இரண்டு வரி. 300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருள் அகப்பட்டால், 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். விடுமுறைக்குக் கருவியை ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறவர்களுக்கு: இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது, மண்ணுக்குள் மறைந்திருந்த 10 ரூபாய்க்கு மேற்பட்ட எதையும் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். இலங்கையில் புதையல் தோண்டப் போனவர்களைக் கருவியோடு கைது செய்த செய்தி அடிக்கடி வருகிறது.

வயலில் அனுமதி பெற்றவர் என்றால் நான் சொன்னதில் பாதியை மறந்துவிடலாம். அங்கே உப்பு இல்லை, மழை உண்டு; சிம்ப்ளெக்ஸை நனைந்தபடியே வீசலாம், மண்ணுக்கேற்பக் கையால் சரிசெய்யவும் முடியும். வான்குவிஷில் அந்த வசதி கிடையாது, எல்லாம் அதுவாகவே பார்த்துக்கொள்ளும். உழுத வயலில் நான் அதிகம் நடந்ததில்லை. எது ஆழம் போகும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

நோக்டா 2024-இல் ஸ்கோர் என்று ஒன்றை வெளியிட்டது. பல அதிர்வெண்ணும் உண்டு, 5 மீட்டர் நீரும் தாங்கும்; விலையும் என் தொகையை ஒட்டியே வருகிறது. அதை ஒரு மாலைப்பொழுது வாங்கிப் பார்த்தேன். ஈர மணலில் அமைதியாகவே இருந்தது, ஒலியில் 440-ஐவிடச் சற்று அவசரம் தெரிந்தது. ஒரு மாலையை வைத்து அதற்குமேல் சொல்வதற்கில்லை. புதிதாகவே வாங்குவது, தண்ணீரிலும் இறங்குவது என்று தீர்மானித்திருப்பவர் அதைக் கையில் எடுத்துப் பார்க்காமல் 440-க்குப் பணம் கட்ட வேண்டாம். பழைய சந்தையில் கைநிறையக் கிடைப்பது இப்போதைக்கு 440தான்.