ரிக்கோ ஜிஆர் 3: திருகோணமலை வெயிலில் ஒரு கறுப்பு வெள்ளைக் கமரா

படம் எடுக்க நான் யாரிடமும் படித்ததில்லை. திருகோணமலைத் தெருக்களில் கறுப்பு வெள்ளையில் எடுத்து எடுத்தே பழகியது. அதற்கென்றே வாங்கியது இந்தக் கமரா. 2019இல் வந்த மாடல். பற்றறி, மெமரி காட் எல்லாம் சேர்த்து 257 கிராம்தான். சட்டைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு மீன் சந்தைக்குள் போனால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரிய கமராவைத் தூக்கினால் "எந்தப் பேப்பர் தம்பி?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

எனக்கு இதில் பெரிய விசயம் ஸ்னாப் போகஸ். தூரத்தை முதலே 2.5 மீற்றரில் வைத்து, லென்ஸ் துவாரத்தை எப்/8 அளவுக்குச் சிறிதாக்கிவிட்டால், ஒன்றேகால் மீற்றருக்கு அப்பால் உள்ளதெல்லாம் தெளிவாக விழும். பொத்தானை ஒரே அழுத்து. போகஸ் தேடிக்கொண்டு நிற்காது. மீன் வெட்டுகிறவரின் கத்தி நமக்காகக் காத்திருக்குமா என்ன?

கறுப்பையும் வெள்ளையையும் அழுத்திக் காட்டும் ஹை கொன்ட்ராஸ்ட் கறுப்பு வெள்ளை முறைக்கு நம்முடைய பத்து மணி வெயில் நல்ல தோது. தகரக் கூரையின் நிழல் கன்னங்கரேலென்று விழும், பாரை மீனின் முதுகு பளீரென்று மினுங்கும். ஆனால் பிரெட்றிக் கோட்டைக்குள் மரநிழலில் படுத்திருக்கும் மான்களிடம் கறுப்பு வெள்ளை தோற்றுப்போகும். நிறம் போனபின் மானின் புள்ளி எது, இலை இடுக்கால் விழும் வெயில் எது என்று பிரிக்க முடியாது. கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறவர்களின் சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும்கூட ஒரே சாம்பலாகிவிடும். அங்கே நடையைப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும்.

சந்தையில் ஒரு ஐயா திரையைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, கலர் வராதா?" என்றார். நிறம் அப்படியே இருக்கும் மூலக் கோப்பான ரோ கோப்பும் சேர்ந்து இருப்பதால் கமராவிலேயே கலராக்கி, என் போனுக்கு எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவருக்கு அதுதான் படம்.

சரி, குறைகள். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூபைண்டர் கிடையாது, உச்சி வெயிலில் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். பற்றறிக்குக் கம்பனி சொல்லும் கணக்கே 200 படம், ஆகவே இரண்டாவது பற்றறி கட்டாயம். மழைக்கும் தூசுக்கும் காப்பு இல்லை, கடற்கரை மணலில் கவனம். லென்ஸ் 28 மி.மீ.க்குச் சமமான அகலக் கோணம், மாற்றவும் முடியாது. ஆட்களுக்குக் கிட்டப் போகக் கூச்சப்படுகிறவர்கள் இதை வாங்கவேண்டாம்.

பழையது வாங்குவதென்றால், எப்/16இல் ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். கறும்புள்ளி தெரிந்தால் உள்ளே தூசு போயிருக்கிறது. விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.