கும்பகோணத்தில் 3 வாரம், கையில் 3 நம்பர்

நியூ ஜெர்சியில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஜனவரி கடைசியில் வரித் தாக்கல் தொடங்கிவிடும். கூப்பிடும்போது நான் எடுக்காவிட்டால் வாடிக்கையாளர் வேறு ஆளைப் பார்த்துவிடுவார். அதனாலேயே பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் பல வருடம் ஓட்டினேன். இந்த முறை கூகுள் வாய்ஸ் நம்பரை நம்பிக் கிளம்பினேன்.

அது சிம்மோடு கட்டுண்ட நம்பர் இல்லை. இணையம் இருக்கும் இடத்தில் செயலி வழியாக அழைப்பு வரும். அங்கே காலை 9 மணி என்றால் கும்பகோணத்தில் இரவு 7.30. அம்மா விளக்கேற்றி முடித்ததும் நான் மாடியறைக்குப் போய்விடுவேன். நள்ளிரவுக்குப் பிறகு வருவதெல்லாம் வாய்ஸ்மெயிலுக்குப் போய் எழுத்தாகவும் வந்துவிடும்; காலையில் காபியோடு படிப்பேன். ஒரே தொல்லை, கரண்ட் போனால் ரூட்டரும் படுத்துவிடும். அண்ணன் அதை இன்வர்ட்டர் இருக்கும் பிளக்குக்கு மாற்றிக் கொடுத்த பிறகுதான் நிம்மதி.

சிக்கல் வந்தது ஓடிபியில். ஒரு அமெரிக்க வங்கிக் கணக்கில் இந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். இணைய நம்பருக்குக் குறியீடு அனுப்பாத வங்கிகள் பல உண்டு. என்னுடையதும் அதில் ஒன்று என்று ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மூன்று தடவை முயன்றதில் கணக்கே பூட்டிக்கொண்டது. தயவுசெய்து கிளம்புவதற்கு முன்பே வங்கிகளில் சிம் நம்பரைக் கொடுத்துவிடுங்கள், அந்த சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். யூபிஐக்கும் இதே கதைதான்: பதிவு செய்யும்போது போனே தன் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும், சிம் இல்லாத இந்த மாதிரி விர்ச்சுவல் நம்பரால் அது முடியாது. 108, 112 போன்ற அவசர எண்களையும் இதிலிருந்து அழைக்க முடியாது. பாஸ்போர்ட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையும், அண்ணன் நம்பரும் கொடுத்து ஒரு உள்ளூர் சிம் வாங்கினேன்.

என்னைவிட நன்றாக விர்ச்சுவல் நம்பரைப் பயன்படுத்துவது அண்ணன்தான். கல்யாண சமையல் எடுத்துச் செய்கிறார். முன்பெல்லாம் அவருடைய சொந்த போனுக்கே ஆர்டர் வரும்; அடுப்படியில் நிற்கும்போது அடித்தால் போச்சு. இப்போது ஜிஎஸ்டி சான்றும் பான் கார்டும் கொடுத்துத் தொழிலுக்கென்று ஒரு விர்ச்சுவல் நம்பர் வாங்கியிருக்கிறார். முதலில் அண்ணிக்கு அடிக்கும், எடுக்காவிட்டால் அண்ணனுக்கு, அப்புறம் மேஸ்திரிக்கு. யாருமே எடுக்காத நம்பர்கள் பட்டியலாக நிற்கும்; ராத்திரி அண்ணி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிக் கூப்பிடுவார். பேசுவது பதிவாகும் என்று எடுத்ததுமே ஒரு குரல் சொல்லிவிடும். நான் இருந்தபோதே ஒரு வீட்டாருடன் 400 இலையா 450 இலையா என்று பேச்சு வந்தது. அண்ணி பதிவைப் போட்டுக் கேட்டார். தவறு எங்கள் பக்கம். "450தான் சொல்லியிருக்காங்க, பாரும்மா," என்று சொல்லிவிட்டு அண்ணன் உடனே கூடுதல் அரிசிக்கு ஆள் அனுப்பினார்.

அம்மாவுக்குத்தான் இதில் எந்தப் பயனும் இல்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன். என் அமெரிக்க நம்பரை அழைத்தால் ஐஎஸ்டி கட்டணம் விழும். காலண்டர் அட்டையின் பின்பக்கம் என் புது உள்ளூர் சிம் நம்பரைப் பெரிதாக எழுதி வைத்துவிட்டு வந்தேன். மிஸ்டு கால் கொடுக்கிறார், நான் கூப்பிடுகிறேன்.