கேர்னலில் நினைவகம் கசிந்தால் எந்தக் கருவியை முதலில் எடுப்பது?

லினக்ஸ் கேர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நினைவகம் கசிந்தால், அதாவது வாங்கிய நினைவகம் திருப்பித் தரப்படாமல் போனால், ‘டாப்’ கட்டளையில் ஒன்றும் பிடிபடாது. எந்த ப்ரொசெசும் பெரிதாகத் தின்றதாகக் காட்டாது, ஆனால் மீதி ரேம் மட்டும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு போகும். நினைவகக் கணக்கைக் காட்டுகிற மெம்இன்ஃபோ கோப்பில் ‘எஸ்-அன்ரிக்ளெய்ம்’ வரி ஏறியபடியே இருந்தால், கசிவு ஸ்லாப்பில்தான் (கேர்னல் தனக்குச் சின்னத் துண்டுகளாக நினைவகம் கொடுக்கும் பகுதி) என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். அப்புறம்தான் உண்மையான கேள்வி: வாங்கியது யார், ஏன் திருப்பித் தரவில்லை?

இதைக் கண்டுபிடிக்கக் கருவிகள் பல இருக்கின்றன. எது சிறந்தது என்பது பெட்டி எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளில் வைஃபை கேட்வேயாக ஓடுகிற, 1 ஜிபி ரேம் உள்ள 64 பிட் ஏஆர்எம் போர்டை மனதில் வைத்தே நான் எழுதுகிறேன். கடல் அமைதியாக இருக்கிற சீசன் மாதங்களில் அதைக் கழற்றித் தாருங்கள் என்று கேட்டால் எந்த விடுதிக்காரரும் தரமாட்டார். (2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் இந்த வகைக் கசிவு யார் கண்ணிலும் படவில்லை. பெட்டி தினமும் தானாக ரீபூட் ஆனது, ரேமும் புதிதாகத் தொடங்கியது.)

பெயரைப் பார்த்தால் கேமெம்லீக்தான் சரியான கருவி போலத் தெரியும். ஏஆர்எம் நிறுவனத்தில் இருந்த கேட்டலின் மரினாஸ் எழுதி, 2009 இல் 2.6.31 பதிப்போடு கேர்னலுக்குள் வந்தது. ஒதுக்கப்படும் ஒவ்வொரு துண்டையும் பதிந்து வைத்துக்கொண்டு, 10 நிமிடத்துக்கு ஒரு தடவை நினைவகத்தைத் துழாவும். ஒரு துண்டைச் சுட்டுகிற பாயின்டர் (அதன் முகவரி) எங்குமே இல்லையென்றால், அதை வாங்கிய அழைப்புத் தொடரோடு (எது எதை அழைத்து அந்த இடத்துக்கு வந்தது என்ற பட்டியல்) சேர்த்து அறிவிக்கும். கோணேசபுரி வளாகத்தில் கணினி படித்துக்கொண்டு, சொந்தமாக ஒரு மொட்யூல் (கேர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய துணைநிரல்) எழுதிப் பார்க்கிறவருக்கு இது அருமையான கருவி. ‘கிளியர்’ கொடுத்து, மொட்யூலை ஏற்றி இறக்கி, ‘ஸ்கேன்’ கொடுத்தால் போதும். ஒரு ஸ்கேனோடு முடிவு கட்டாமல் இரண்டாவது தடவையும் கொடுங்கள், பொய் எச்சரிக்கைகள் குறையும்.

ஆனால் அதற்கு இரண்டு குருட்டு இடங்கள் உண்டு. நினைவகத்தை முழுப் பக்கங்களாக (பொதுவாக 4 கேபி) கொடுக்கிற பக்க ஒதுக்கியிடம் நேரடியாக வாங்கும் பக்கங்களை அது கண்காணிப்பதில்லை. மற்றது இன்னும் மோசம்: துண்டு இனித் தேவையே இல்லாவிட்டாலும், ஏதாவது ஒரு லிஸ்டில் தொங்கிக்கொண்டிருந்தால் அது கேமெம்லீக்கின் கணக்கில் கசிவே அல்ல. நடைமுறையில் ட்ரைவர்களில் நான் பார்க்கிற கசிவுகளில் இந்த ரகம்தான் அதிகம். இதற்கு மேல், முழு நினைவகத்தையும் துழாவுகிற வேலை சின்ன போர்டுக்குச் சுமை.

அதனால் என் முதல் தெரிவு 2024 இல் 6.10 பதிப்போடு வந்த ஒதுக்கீட்டு ப்ரொஃபைலிங். சுரேன் பாக்தசார்யனும் கென்ட் ஓவர்ஸ்ட்ரீட்டும் கொண்டுவந்தது. இது எதையும் தேடாது, கடைக்காரரின் கடன் கொப்பி மாதிரிக் கணக்கு மட்டும் வைக்கும். கேர்னலில் நினைவகம் வாங்குகிற ஒவ்வொரு வரிக்கும் ஒரு கவுண்டர் இருக்கும். ப்ராக் அடைவில் உள்ள அலொக்இன்ஃபோ கோப்பைத் திறந்தால், எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி இப்போது எத்தனை பைட்டைக் கையில் வைத்திருக்கிறது என்று தெரியும். காலையில் ஒரு பிரதி, இரவில் ஒரு பிரதி எடுத்து ஒப்பிட்டால் வளர்கிற வரி தானாக மேலே வரும். லிஸ்டில் தொங்குவதும் இதில் தப்பாது. செலவும் சின்னது: பக்கத்துக்கு 8 பைட் என்றால் 1 ஜிபிக்கு 2 எம்பி, ஸ்லாப் துண்டுகளுக்குத் துண்டுக்கு ஒரு பாயின்டர் போலக் கொஞ்சம். மொட்யூலை இறக்கும்போது அது திருப்பித் தராதது இருந்தால், எத்தனை பைட் என்று கேர்னல் பதிவில் எச்சரிக்கையும் போடும்.

குறை என்னவென்றால், இதில் அழைப்புத் தொடர் இல்லை. ஒரு விடுதியில் யூஎஸ்பி வைஃபை ட்ரைவர் ஒன்று கசிந்தபோது அலொக்இன்ஃபோவில் மேலே வந்தது ட்ரைவரின் வரி அல்ல, நெட்வொர்க் பகுதியில் உள்ள எஸ்கேபஃப் கோப்பின் வரி. பாக்கெட் வாங்குகிற எல்லோரும் அந்த ஒரே வாசலால்தான் போகிறார்கள். கேமெம்லீக் அங்கே வாயே திறக்கவில்லை, ஏனென்றால் பாக்கெட்டுகள் எல்லாம் ட்ரைவரின் வரிசையில் பத்திரமாகக் கோக்கப்பட்டிருந்தன.

இந்த இடத்தில் கைகொடுத்தது ஸ்லப் டீபக், ஸ்லாப் துண்டுகளைக் கண்காணிக்கிற கேர்னல் வசதி. பூட் கட்டளையில் ‘யு’ கொடியை, பாக்கெட் தலைப்புகள் இருக்கிற அந்த ஒரு கேஷுக்கு (ஸ்லாப்பில் ஒரே ரகத் துண்டுகளின் தொகுப்பு) மட்டும் போட்டால், துண்டு ஒவ்வொன்றையும் வாங்கியவரின் தொடர் பதிவாகும். கேர்னலின் சோதனைத் தகவல்கள் இருக்கிற டீபக்எஃப்எஸ்ஸில் உள்ள ‘அலொக் ட்ரேசஸ்’ கோப்பு அதை எண்ணிக்கையோடு காட்டும். எல்லாக் கேஷுக்கும் போட்டுவிடாதீர்கள், போர்டு ஊர்ந்து போகும். ஒரு ரீபூட் தேவைதான், ஆனால் இரவு இரண்டு மணிக்குச் செய்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

கசிவு ஸ்லாப்பில் இல்லை, முழுப் பக்கங்களாகப் போகிறது என்றால் பேஜ் ஓனர். 3.19 முதல், அதாவது 2015 முதல், இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் வாங்கியவரின் தொடரைத் தரும். கேர்னல் மூலத்தோடு வருகிற ‘பேஜ் ஓனர் சார்ட்’ இல்லாமல் அதன் வெளியீட்டை வாசிக்க முயல்வது வீண் மினக்கெடல். பக்கத்துக்கு வைக்கிற பதிவு ப்ரொஃபைலிங்கைவிடப் பல மடங்கு பெரியது, ஆகவே எப்போதும் ஓடவிடுகிற சாமான் இல்லை.

காசன், கேஃபென்ஸ் என்ற கேர்னல் கருவிகளையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அவை கசிவைத் தேடுவதில்லை. விடுவித்த நினைவகத்தைத் தொடுவது, எல்லை தாண்டி எழுதுவது போன்றவற்றுக்குத்தான் அவை. பொதுவான காசன் எட்டில் ஒரு பங்கு நினைவகத்தை ‘நிழலுக்கு’, அதாவது தன் கண்காணிப்புக் குறிப்புகளுக்கு, எடுக்கும். 1 ஜிபி போர்டில் அது 128 எம்பி, விடுதிக்குச் சரிவராது. கேஃபென்ஸோ இயல்பாக 255 துண்டுகளுக்கான 2 எம்பியோடு முடித்துக்கொள்ளும். அதைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

ஓடுகிற கேர்னலுக்குள் சின்ன நிரல்களை ஏற்றுகிற ஈபிபிஎஃப் வழியில் ஓடுகிற ‘மெம்லீக்’ கருவிக்கு கேர்னலைத் திரும்பக் கட்டவோ ரீபூட் செய்யவோ தேவையில்லை என்பது பெரிய வசதி. ஆனால் இணைத்த பிறகு நடப்பதை மட்டுமே அது பார்க்கும், போக்குவரத்து கூடினால் சுமையும் கூடும்.

சரி, 6.10 எல்லோர் கையிலும் இருக்கிறதா? இல்லை. சின்ன போர்டுகள் பல இன்னும் 5.10, 6.1 கேர்னலோடுதான் விற்கப்படுகின்றன. சிப் தயாரித்தவர் தருகிற வெளி ட்ரைவர் புதிய கேர்னலில் கம்பைல் ஆகாமல் அடம்பிடிப்பதும் சாதாரணம். அப்படிப்பட்ட பெட்டியில், கேஷ்களின் அளவைக் காட்டுகிற ஸ்லாப்டாப் கட்டளையின் வெளியீட்டை மணிக்கு ஒரு தடவை பதிவுசெய்து, வளர்கிற கேஷ் எது என்று கண்டபின் அதற்கு மட்டும் ஸ்லப் டீபக் போடுவேன். கேமெம்லீக்கை மேசையில் இருக்கிற கணினிக்கென்று விட்டுவிடுவேன்.