ஒரு ஏக்கரில் எந்தப் பூ: மல்லியா, சம்பங்கியா, செண்டுமல்லியா?

போன தை மாதம் என் மனைவியின் தம்பி போன் செய்தான். மல்லி கிலோ இரண்டாயிரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த நேரம். "மாமா, கிணத்தடியில ஒரு ஏக்கர் சும்மாதானே கிடக்கு, மொத்தமா மல்லி போட்டுறவா?" என்றான். தை மாத விலையைக் கேட்டுவிட்டுக் குழி தோண்டுகிறவர்கள் எங்கள் நிலக்கோட்டைப் பக்கம் வருடத்துக்கு நாலு பேராவது உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித் தோண்டியவன்தான். அதனால், "விடிகாலை மூணு மணிக்கு உங்க வீட்டுல எத்தனை பேர் எந்திரிப்பீங்க?" என்று கேட்டேன். சிரித்தான். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

சிறு பூ விவசாயத்தில் எல்லாரும் விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் பறிப்பைப் பார்ப்பேன். ஒரு கிலோ குண்டுமல்லி சேர ஏறக்குறைய நாலாயிரம் மொட்டு பறிக்க வேண்டும். சம்பங்கிக்கு ஆயிரம் பூ போதும். செண்டுமல்லி என்றால் பெரிய பூவாக நூறு, நூற்றிருபது. மல்லியை வெயில் ஏறுவதற்குள், மொட்டு விரியாமல், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு எடுக்க வேண்டும். எத்தனை வேகமான கையாக இருந்தாலும் ஒரு காலைப்பொழுதில் சில கிலோதான். பங்குனி, சித்திரையில் செடி கொட்டோ கொட்டென்று கொட்டும். அப்போது விலை கிலோ இருநூறு, முந்நூறுக்கு இறங்கும். விலை விழுந்துவிட்டது என்று பறிகூலியைக் குறைக்க முடியுமா? சில நாள் பூவைச் செடியிலேயே விட்டுவிடத் தோன்றும். விடவும் முடியாது. விட்டால் மொட்டுப்புழுவுக்கு விருந்து வைத்த மாதிரி.

செண்டுமல்லிக்கு இந்த அவசரம் இல்லை. பொழுது விடிந்து, காபி குடித்துவிட்டுப் போய்ப் பறித்தாலும் பூ கோபித்துக்கொள்ளாது. சம்பங்கி நடுவில் நிற்கிறது: காலையிலேயே எடுக்க வேண்டும், ஆனால் எடை சீக்கிரம் சேர்ந்துவிடும். ஒரு ஆணும் பெண்ணும் முப்பது சென்ட் சம்பங்கியைச் சமாளித்துவிடலாம். அதே முப்பது சென்ட் மல்லியைச் சீசனில் சமாளிக்க வெளியாள் வேண்டும்.

அப்புறம், வருடம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

மல்லியின் வருடம் கவாத்தில் தொடங்குகிறது. நவம்பர் கடைசியில் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, தொழு உரமும் ரசாயன உரமும் வைத்து, மண் அணைத்துவிட்டால் பிப்ரவரி கடைசியிலிருந்து மொட்டு பிடிக்கும். ஆவணி வரை ஏறி இறங்கி வரும். மழையும் பனியும் வந்தால் அடங்கிவிடும். அதனால்தான் மார்கழியிலும் தையிலும் கிலோ மூவாயிரத்தைத் தாண்டிய வருடங்கள் இருந்திருக்கின்றன. அந்த விலை பூ இல்லாததால் வந்த விலை. உங்கள் தோட்டத்திலும் அப்போது பூ இருக்காது! சிலர் செப்டம்பர் கடைசியிலேயே கவாத்து செய்து பனிக்காலத்தில் கொஞ்சமாவது எடுக்கப் பார்க்கிறார்கள். வந்தால் அதிர்ஷ்டம், ஆனால் அதற்காக அந்த வருடத்தின் கடைசிப் பூவை விட்டுக்கொடுக்க வேண்டும். நான் ஒரு வருடம் முயன்றேன். பனி முந்திக்கொண்டது.

சம்பங்கிக்கு இந்த ஏற்ற இறக்கம் குறைவு. ஆனி, ஆடியில் கிழங்கு வைத்தால் மூன்று மாதத்தில் தண்டு விடும். அதற்குப் பிறகு மூன்று வருடம் ஏறக்குறைய தினமும் ஏதோ ஒரு எடை கைக்கு வரும். குளிரில் குறையும், நிற்காது. உதிரிப்பூவுக்கு ஒற்றை இதழ் ரகம்தான் சரி. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரஜ்வல் இங்கே நன்றாக ஓடுகிறது. அடுக்குப்பூ ரகம் பூச்சாடிக்கு. அதை நம் மண்டியில் கொண்டுபோய் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். விலையில் மல்லியின் துள்ளல் சம்பங்கிக்குக் கிடையாது. ஆனால் முகூர்த்த மாலைக்கும் அதுதான், கோவிலுக்கும் அதுதான், சாவு வீட்டுக்கும் அதுதான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் இருக்கின்றன.

செண்டுமல்லி (தெற்கே கேந்தி என்பார்கள்) முழுக்க நாள் கணக்கு. நாற்று ஒரு மாதம், நட்டபின் ஐம்பது அறுபது நாளில் முதல் பூ, நல்ல வரத்துக்கு இன்னும் பத்து நாள். நான்கைந்து மாதத்தில் செடியின் ஆயுளும் முடிந்தது. எனவே ஆயுத பூஜையை வைத்துப் பின்னோக்கி எண்ண வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அந்தப் பண்டிகை 2023-ல் அக்டோபர் 23, 2024-ல் அக்டோபர் 11, 2025-ல் அக்டோபர் 1. "போன தடவை ஆகஸ்டு நடுவில் நட்டோம்" என்று அதே தேதியில் நட்டால், பூஜை முடிந்து ஊரே வாழைக்கன்றைக் குப்பையில் போடும்போது உங்கள் தோட்டம் மஞ்சளாகச் சிரிக்கும். பூஜைக்கு மறுநாள் விலை விழும் விழுகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மூட்டையோடு ரோட்டோரம் கொட்டிவிட்டு வருவார்கள். போதாததற்கு ஐப்பசி மழை. நனைந்த பூ எடை நிற்கும், ஆனால் மறுநாளே கறுக்கும். வியாபாரி தொட்டுப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்.

ஆக, செண்டுமல்லி ஒரு சூதாட்டம். ஆனால் தோற்றால் போவது நாலு மாதமும் விதைச் செலவும்தான். மல்லியில் தோற்றால் அவ்வளவு லேசில் வெளியே வர முடியாது. ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து நாற்று கொண்டுவந்து, நாலடிக்கு நாலடி நட்டு, ஆறு மாதத்தில் பூ தலைகாட்டினாலும் கணக்குப் பார்க்கும் அளவுக்கு வர இரண்டு வருடம் ஆகும். பிறகு பத்து வருடத்துக்கு மேல் பலன் தரும் என்பது உண்மைதான். அந்த இரண்டு வருடத்துக்கு வீட்டுச் செலவு எங்கிருந்து வரும்? பெரும்பாலும் மண்டியில் நம் பூவை விற்றுத்தரும் கமிஷன் கடையின் முன்பணத்திலிருந்து. முன்பணம் வாங்கியவன் அடுத்த கடையில் நல்ல விலை கேட்டாலும் பூவை அங்கே இறக்க முடியாது. நான் ஆறு வருடம் ஒரே கடைக்குப் போட்ட கதை அதுதான். தராசையும் எடையில் பிடிக்கும் கழிவையும் பற்றி வாயைத் திறக்கவில்லை.

பூச்சியைப் பொறுத்தவரை மல்லிக்குச் செலவு அதிகம்: மொட்டுப்புழு, மொட்டைச் செவ்வூதாவாக்கும் மொட்டு ஈ, கோடையில் செஞ்சிலந்தி. சம்பங்கியின் வில்லன் மண்ணுக்குள் இருக்கிறது, நூற்புழு. களையும் விடாது, நெருக்கமாக நட்ட கிழங்குக்கு நடுவே குனிந்து களை எடுப்பது இடுப்பை ஒடிக்கும் வேலை. நூற்புழுவைக் குறைக்க செண்டுமல்லியே கைகொடுக்கும். மூன்று வருடச் சம்பங்கியை அழித்த இடத்தில் ஒரு போகம் செண்டுமல்லி போட்டுவிட்டு, அப்புறம் கிழங்கு வைப்பது எங்கள் வழக்கம்.

அரளியையும் செவ்வந்தியையும் ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். அரளிக்குக் குறைந்த தண்ணீரே போதும், வறட்சிக்கு அது சரி. சேலம் பனமரத்துப்பட்டிக்காரர்கள் அதில் கெட்டிக்காரர்கள். தம்பிக்குக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. செவ்வந்தி பகல் குறுகினால் பூக்கும் செடி, ஓசூர், ராயக்கோட்டைக் குளிருக்கு ஏற்றது.

கடைசியில் அவனிடம் சொன்னது இது. வீட்டில் அதிகாலையில் எழும் கை மூன்று இருந்தால் மல்லி நாற்பது சென்ட், சுமார் ஆயிரம் செடி. அதற்கு மேல் வேண்டாம். சம்பங்கி முப்பது சென்ட், அதை முதலில் வை, மல்லி வளரும்வரை மளிகைக் கடைக்கு அதுதான் பதில் சொல்லும். மீதி முப்பதில் பண்டிகையை எண்ணிச் செண்டுமல்லி. கை இரண்டுதான் என்றால் மல்லியை மறந்துவிடு.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. "மாமா, எங்கம்மா மூணு மணிக்கு எந்திரிச்சிரும். நான் எந்திரிப்பேன். வீட்டுக்காரியைக் கேட்டேன், 'நீங்க மொதல்ல ஒரு வாரம் எந்திரிச்சுக் காட்டுங்க'ன்னுட்டா." ஆனி பிறந்ததும் முப்பது சென்ட் சம்பங்கிக் கிழங்கு இறக்கினான். மல்லிக்குக் குழி இன்னும் தோண்டவில்லை.